இருபத்திரண்டு பாகம்

கயிறு அறுந்துவிட்டது என்றார்கள்.
பாதிரியார் சொன்னார்.
ஏலக்கூடத்துக் கணக்கர் சொன்னார்.
நாத்தனார் ரொமானா சூப்புக் கிண்ணத்தை
என் முன் வைத்துவிட்டு, முகம் பாராமல் சொன்னாள்.
எல்லோருக்கும் தலையாட்டினேன்.

கயிறு என் வீட்டில்தான் இருந்தது.
அமரோவைப் புதைத்த அன்று ராத்திரி,
கலீசியாவின் மழை ஓடுகளைப் பெயர்த்துக்கொண்டிருக்க,
அடுக்களைத் தரையில் அதைப் பரப்பி
கைகளை விரித்து விரித்து அளந்தேன்.
அவன் கைக்கு இருபது பாகம்,
என் குட்டைக் கைக்கு இருபத்திரண்டு.
வாங்கிய அன்று இருவரும் அளந்து சிரித்த கணக்கு.
இருபத்திரண்டு குறையாமல் இருந்தது.
இரு முனையிலும் தீயில் உருக்கிய நைலான் மொட்டு
அப்படியே.

அறுந்த கயிறு இப்படி இருக்காது.

மேலே நின்று பிடித்தவன் ஒதிலோ.

நாலு வருஷம் அது ஆணியில் தொங்கியது.
கோயிலில் அவன் கடைசி பெஞ்சு, நான் முதல் பெஞ்சு.
மன்னிப்பைப் பற்றிய அந்த ஒரு வரி வரும்போது
வாயை மூடிக்கொள்வேன்.
முதுகுக்குப் பின்னால் அவனும் மூடிக்கொள்வது கேட்கும்.
பிறகு போவதையே நிறுத்தினேன்.
கடவுள்மேல் கோபம் என்று ரொமானா நினைத்தாள்.
கோபப்பட எதிரில் ஆள் வேண்டாமா?
ஞாயிறுகளில் அவன் சுரண்டுளியின் துருவைத் தேய்த்தேன்,
அவ்வளவுதான்.

கொட்டலசு எடுக்கும் உரிமம் காலாவதியாகப் போகிறது என்று
கூட்டுறவிலிருந்து கடிதம் வந்தது.
நாற்பத்து மூன்று வயதில் ரப்பர் உடுப்புக்குள்
என்னைத் திணித்துக்கொண்டேன்.
தாழ்ந்த பாறைகளில் பெண்களோடு சுரண்டினேன்.
அங்கே கயிறு தேவையில்லை.
கொழுத்தவை வளர்வது எருதுப் பாறையில்.
அவனும் அங்கேதான் போனான்.

கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள். விலை மூன்று மடங்கு.
நான் பிடிக்கிறேன் என்றான் ரொமானாவின் புருஷன்,
தேக்குமரம் மாதிரி ஆள்.
சரி என்று சொல்லிவிட்டு
ஒதிலோ வீட்டுக்கு நடந்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

மத்திச் சாளை டின் ஆலையில் இரவு வேலை முடித்து
ஈரத் தலையோடு கதவைத் திறந்தான்.
என் தோளில் இருந்ததைப் பார்த்தான்.
"நான் விட்டேன், எலாடியா."
"தெரியும்."
"கால் வழுக்கியது. யோசிக்கவே இல்லை.
கை தானாகத் திறந்தது."
"தெரியும். அளந்தேன்."
உள்ளே கெட்டில் கூவத் தொடங்கியது.
இருவரும் போய் அணைக்கவில்லை.
"நாளை ஆறு இருபதுக்கு நீர் வற்றும்" என்றேன்.

எருதுப் பாறை. இருட்டு பாதி வெளுத்திருந்தது.
இடுப்பில் முடிச்சிட்டுத் திரும்பினால்
மறுமுனையை அவன்
தன் இடுப்பில் கட்டிக்கொண்டிருக்கிறான்,
மூன்று முடிச்சு, அதன்மேல் ஒன்று.
"அவிழ்."
கேளாதவன்போல் நின்றான்.
"அவிழ், ஒதிலோ. கையில் பிடி.
விட வேண்டி வந்தால் விடு."

அவன் விரல்கள் அவிழ்க்க
நீண்ட நேரம் எடுத்துக்கொண்டன.
கடல் காத்திருக்கவில்லை.

இறங்கினேன்.
பெரிய அலை வருமுன் பாறை மூச்சை உள்ளிழுக்கும்,
அந்த ஓசைக்குக் கன்னத்தைக் கல்லில் பதித்தேன்.
மேலே கயிறு விறைத்தது.
வாய் நிறைய உப்போடு
அந்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
பாதிதான் முடிந்தது.
மீதியை நுரை கொண்டுபோயிற்று,
யாரிடம் என்று எனக்குத் தெரியும் என்று
ஒரு கணம் தோன்றியது.

இரண்டு கிலோ முந்நூறு கிராம்.
மற்றவர்கள் நிறைய எடுத்திருந்தார்கள், விலை இறங்கிவிட்டது.
ஆளுக்குப் பாதி எண்ணிக் கொடுத்தேன்.
மன்னித்தேன் என்ற சொல்லை நான் சொல்லவில்லை,
அவன் கேட்கவும் இல்லை.

கயிறு இப்போது அவன் வீட்டுக் கொல்லையில் காய்கிறது.
என் சுவரில் வெறும் ஆணி.
அதில் எதை மாட்டுவதென்று
இன்னும் முடிவு செய்யவில்லை.